பிராம்ஸா, ஃபிராங்க்கா?

வயலின், பியானோ இருவர் மட்டும் வாசிக்கும் கச்சேரிக்குப் பெரிய சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட மேற்கத்திய கருவியிசைப் படைப்பு) தேடுபவர்கள் அடிக்கடி தயங்குவது இந்த இரண்டுக்கிடையே: இசையமைப்பாளர்கள் பிராம்ஸின் ஜி மேஜர் சொனாட்டா (1879), சேசார் ஃபிராங்க்கின் ஏ மேஜர் சொனாட்டா (1886).

நேரம்: இரண்டும் ஏறத்தாழ அரை மணி.

பியானோ: பிராம்ஸில் வயலினை மூழ்கடிக்காமல் அடக்கி வாசிப்பதே பாடு. ஃபிராங்க்கின் இரண்டாம் பகுதியோ விரல்களைப் பிழிந்துவிடும். ஃபிராங்க்குக்குக் கைகள் மிகப் பெரியவை. அகன்ற சுரக்கூட்டுகளைத் தம் கைக்கு அளவாகவே எழுதிவிட்டார். பியானோ கலைஞர் மனதாரச் சம்மதிக்காமல் இதைத் தொடாதீர்கள்.

வயலின்: பிராம்ஸ் கேட்பது நீண்ட, மெல்லிய வில்லோட்டம்; சிறு நடுக்கமும் வெளியே தெரியும். ஃபிராங்க், வயலின் மேதை இசாயிக்குத் திருமணப் பரிசாக எழுதியது; குரலெடுத்துப் பாட இடம் தாராளம்.

கேட்பவர்: ஃபிராங்க்கின் இறுதிப் பகுதியில் பியானோவின் மெட்டை வயலின் ஒரு தாளக்கட்டம் (bar) பின்னால் அப்படியே தொடர்ந்து வரும். முதன்முறை கேட்பவரும் பிடித்துக்கொள்வார். பிராம்ஸ் தமது பழைய மழைப் பாடலின் மெட்டில் இறுதிப் பகுதியைக் கட்டி, சத்தமில்லாமல் முடிக்கிறார். கைதட்டல் தாமதமாகத்தான் வரும்.

நிகழ்ச்சியின் நிறைவுக்கு ஃபிராங்க். சிறிய அறைக்கும் இடைவேளைக்கு முந்தைய பாதிக்கும் பிராம்ஸ். வீட்டில் வாசித்து மகிழ மட்டும் என்றால், தயங்காமல் பிராம்ஸ்.