முழங்காலுக்குக் கீழே ஒரு நெல்லிக்காய்: பட்டையா, பயிற்சியா, அறுவையா?

பதின்மூன்று வயதில் வந்த வலி எனக்கு நாற்பதிலும் விட்டபாடில்லை. முழங்கால் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே, நெல்லிக்காய் அளவில் ஓர் எலும்பு மேடு. மும்பை மாட்டுங்கா கோயிலில் விழுந்து வணங்கும்போது அது கல்தரையில் பட்டால் உயிர் போய் வரும்.

இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903இல் தனித்தனியே விவரித்தார்கள். வளரும் பிள்ளைகள் ஓடிக் குதிக்கையில், தொடைத் தசை இழுக்கும் இழுப்பெல்லாம் இன்னும் முற்றாத எலும்பு முனையில் போய் விழுகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலோருக்கு வலி அடங்கி, மேடு மட்டும் தங்கிவிடும். சிலருக்குத் தசைநாருக்கு அடியில் எலும்புத் துணுக்கு ஒன்று தங்கி, வளர்ந்த பிறகும் குத்திக்கொண்டிருக்கும்.

“பேசாமல் உட்கார், சரியாகிவிடும்” என்பாள் அம்மா. வலி மூண்டிருக்கும் இரண்டு நாள் அது சரி. மாதக்கணக்கில் உட்கார்ந்தேன்; தொடை மெலிந்தது, தாதர் மேம்பாலப் படிகள் முன்னைவிட வலித்தன.

அடுத்து பட்டை. சில்லுக்குக் கீழே கட்டும் ஒடுங்கிய பட்டை, முழங்காலை முழுதாக மூடும் உறையைவிட எனக்கு ஒத்துவந்தது. மும்பைப் புழுக்கத்தில், நெரிசலான லோக்கல் ரயிலில் உறைக்குள் கால் வெந்துவிடுகிறது. ஆனால் பட்டை கழற்றும்வரைதான் நிம்மதி. அது ஆற்றுவதில்லை, சமாளிக்க வைக்கிறது. ஐஸ் ஒத்தடமும் அப்படித்தான்.

என் ஓட்டு பயிற்சிக்கு. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவதுபோல் பாதி இறங்கி 45 விநாடி நிற்கிறேன்; நடுவே ஓய்வு விட்டு ஐந்து முறை. முழுதாக இறங்கினால் மேடு முறையிடும், ஆகவே பாதிதான். இரண்டாவது முறையிலேயே தொடை நடுங்கும். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே நிற்பேன். பிறகு தொடையின் முன்தசையையும் பின்தசையையும் நீட்டிவிட வேண்டும். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று பொருள், குறைத்துக்கொள்ள வேண்டும். பலன் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பொறுமையற்றவர்களுக்கு இது சரிவராது.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடனே சரியாகும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்த இடத்தில் தசைநாரும் தோலும் பலவீனமாகும் அபாயம் இருப்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அறுவை சிகிச்சை கடைசி. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் துணுக்கு தெரிந்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் வலி தீராதவர்களுக்கு, துணுக்கை எடுத்துவிடுவது பெரும்பாலும் பலன் தருகிறது. ஆனால் மண்டியிடும்போது வரும் உறுத்தல் அதற்குப் பிறகும் சிலருக்கு இருக்கும். என் எக்ஸ்ரேயில் துணுக்கு இல்லை, மேடு மட்டுமே. வெறும் மேட்டைச் செதுக்கக் கத்தியா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

திடீர் வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்வது, இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் வேறு காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கோயிலில் இப்போது தோள் துண்டை நான்காக மடித்து முழங்காலுக்கடியில் போட்டுக்கொண்டுதான் வணங்குகிறேன்.