சீஹோக்கா, வைல்ட்கட்டா?

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பல்களில் ஹெலிகொப்டர் தளத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீர்மூழ்கியைத் தேட எந்த ஹெலிகொப்டர் நல்லது என்றால், யோசிக்காமல் அமெரிக்காவின் எம்எச்-60ஆர் சீஹோக் என்பேன். அந்தரத்தில் நின்றபடி வடத்தில் சோனாரைக் கடலுக்குள் இறக்கும். ஒலியனுப்பி, எதிரொலி வரும் திசையைப் பிடிக்கும். அப்புறம் நீருக்குள் பாய்ந்து தாக்கும் மார்க் 54 டோர்பிடோதான். இந்தியா 2020இல் 24 சீஹோக் வாங்க ஒப்பந்தம் போட்டது.

பிரித்தானியக் கடற்படையின் வைல்ட்கட் ஹெலிகொப்டரில் இறக்கும் சோனார் இல்லை. டோர்பிடோ இருந்தும், எங்கே போடுவது என்று கப்பலோ மெர்லின் ஹெலிகொப்டரோ சொல்ல வேண்டும். தென் கொரியா வைல்ட்கட்டைச் சோனாரோடு வாங்கியது, சரியான முடிவு.

சிறு படகுகள் கூட்டமாக வந்தால் வைல்ட்கட்தான்: 20 மார்ட்லெட் ஏவுகணைகள் வரை சுமக்கும். முழுச் சுமையோடும் 6 தொன்தான். சீஹோக் 10 தொன்னைத் தாண்டும். இலங்கையின் சயுரல போன்ற ரோந்துக் கப்பலுக்கு வைல்ட்கட்டையே கேட்பேன்.