டவுன் நூலகத்தில் பதினொரு வருடம், ஒரே ஒரு கையெழுத்துப் பிரச்சினை

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என்னோடு வளர்ந்த ஒருத்தன் போன கிழமை கோல் எடுத்தான். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள், டவுன் நூலகத்தில் சேர்க்கலாமா மச்சான் என்று கேட்டான். சேர்த்துவிடு என்றேன், சொல்லிவிட்டு அரைமணி நேரம் அந்த நூலகத்தையே திட்டினேன்.

திட்டினது பிணைக் கையெழுத்துக்காக. புத்தகம் இரவல் எடுக்க, ஆதன வரி கட்டுகிற ஒருவரோ அரசாங்க உத்தியோகத்தரோ படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். நாங்கள் இருந்தது லயத்துக் காம்பராவில், அது தோட்டத்துக்குச் சொந்தம், எங்கள் பெயரில் வரித்துண்டு எங்கிருந்து வரும்? அப்பா வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடை முதலாளியிடம் படிவத்தை நீட்டினார். அவர் கடன் கொப்பியை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "புத்தகம் தொலைஞ்சா நான்தானே கட்டணும்" என்று சிரித்துக்கொண்டே போட்டார். அப்பா சிரிக்கவில்லை.

சரி, நூலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையின் 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் அந்த உள்ளூராட்சி சபையின் பணம் வரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். 894.811 என்று வகை எண் ஒட்டியிருக்கிற தமிழ் இலக்கிய அலுமாரி, மழை மாதத்தில் பக்கங்கள் ஊதிப்போய்ப் பூஞ்சணம் மணக்கும், ஆனாலும் அதில் நான் தொடாத புத்தகம் குறைவு. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு லயத்தில் இல்லாத மேசையும் வெளிச்சமும் இங்கே கிடைக்கும். நூலக மிஸ் அரசாங்க வேலை விளம்பரங்கள் வருகிற வெள்ளிக்கிழமை வர்த்தமானியை மேசையில் எடுத்து வைப்பார், வேலை தேடுகிற தம்பிமார் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததும் அந்த மேசையில் பார்த்த விளம்பரத்தால்தான்.

அதனால் இப்போது நானே அரசாங்க உத்தியோகத்தன். பிள்ளைகள் என் வீட்டுக்குப் படிவத்தோடு வருகிறார்கள், நானும் போட்டுக் கொடுக்கிறேன். அதில் ஒருத்தன் புத்தகத்தை ஆற்றில் விட்டுவிட்டான், அந்தக் காசைக் கட்டிவிட்டு வந்த அன்றைக்குத்தான் மச்சான் கோல் எடுத்தான். கடை முதலாளியின் சிரிப்பு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்த நூலகத்துக்கு ஐந்துக்கு இரண்டுதான், அதற்குமேல் ஒரு புள்ளி கிடையாது. மச்சான், சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வா, படிவம் என்னிடமே இருக்கிறது. அப்படியே ஒரு பொலித்தீன் பையும் கொண்டுவரச் சொல், புத்தகம் நனையக்கூடாது.