எலுமிச்சை என்று சொல்லி 140 டாலருக்கு முள்செடியைத் தலையில் கட்டினார்கள்

நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. "புகார் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது." ஒரே வரி. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன், அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஊரில், வீட்டுக்குள் எலுமிச்சை வளர்க்க ஆசைப்பட்டேன். நடக்காத காரியம் இல்லை. மேயர் எலுமிச்சை தொட்டிக்குள் அடங்கும், தனி மரமாக இருந்தாலே காய்க்கும். 1908-ல் ஃபிராங்க் மேயர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ரகம், சீனாவிலேயே தொட்டியில் வளர்த்ததுதான். விளக்கு, வேர்ச்சூட்டுக்கு ஒரு பாய் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன். மரம் மட்டும்தான் பாக்கி.

யார் வேண்டுமானாலும் செடி விற்கக்கூடிய ஓர் ஆன்லைன் சந்தையில் அந்த ஆளைப் பிடித்தேன். விலை சொல்வதற்கு முன்பே, "உங்கள் ஜன்னல் எந்தத் திசை பார்த்தது?" என்று கேட்டார். தெற்கு என்றேன். "அப்போ சரி, ஆனாலும் குளிர்காலத்தில் 12 மணி நேரம் விளக்குப் போடுங்க" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். ஏமாற்றுகிறவன் ஜன்னல் திசையைக் கேட்பானா? மரத்துக்கு 125, வழியில் உறையாமல் இருக்கச் சூட்டுப் பொட்டலத்துக்கு 15. மொத்தம் 140 டாலர்.

பெட்டியைப் பிரித்தால் சூட்டுப் பொட்டலமே இல்லை. தண்டைச் சுற்றிக் கழுத்தளவு பாசி அடைத்திருந்தது. அழகுக்கு என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் இலை முழுவதும் கொட்டிவிட்டது.

கேட்டேன். "வேர் குளிர்ந்திருக்கும், பொறுங்க" என்றார். இது உண்மையும்கூட. மண் 13 டிகிரிக்குக் கீழே போனால் வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். மேலே வெயில் பட்டால் இலை உதிரும். ஆனால் நான் மண்ணில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், 20 டிகிரி. அதைச் சொன்னதும், "குளிர்கால உறக்கம், பிப்ரவரியில் துளிர்க்கும்" என்றார். எலுமிச்சை பசுமைமாறா மரம், இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்காது. தெரிந்தும் தலையாட்டினேன். செடி வளர்ப்பவர்களுக்குப் பொறுமை பழகிப்போன விஷயம், அதைத்தான் அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சந்தையில் 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டுமாம். அவர் என்னைப் பொறுக்கச் சொன்னது பிப்ரவரி வரை!

பிப்ரவரியில் துளிர்த்தது. சந்தோஷம் இரண்டு நாள். அப்புறம் உற்றுப் பார்த்தால், ஒரே காம்பில் மூன்று மூன்று இலை. தண்டில் விரல் நீளத்துக்கு முள். பாசியைத் தோண்டினேன். வேறொரு செடியின் அடித்தண்டில் எலுமிச்சைக் கிளையை இணைத்து ஒட்டுக் கட்டிய நாடா அதற்குள் புதைந்திருந்தது. நாடாவுக்கு மேலே நகத்தால் கீறினால் பழுப்பு, காய்ந்த குச்சி. கீழே கீறினால் பச்சை. மேயர் எப்போதோ செத்துப்போய், அடியில் வேருக்காக வைத்த மூவிலை ஆரஞ்சு மட்டும் உயிரோடு இருக்கிறது. குளிரைத் தாங்கும் முரட்டுச் செடி அது. காய்த்தாலும் கசப்பும் விதையும்தான். குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குவதும் அதுதான், எலுமிச்சை இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். "மேலே இன்னும் வரும்" என்றார். செத்த குச்சியில் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. சந்தைக்காரர்களோ விற்றவரிடம் பேசச் சொன்னார்கள், பேசினேன் என்றதும் நேற்றைய அந்த ஒற்றை வரி. 140 டாலர் போயே போச்சு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஒட்டுக் கட்டிய இடம் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். கடுங்குளிரில் செடியைத் தபாலில் வரவழைக்காதீர்கள். விற்றவர் பொறுக்கச் சொன்னால், புகாரைக் கொடுத்துவிட்டுப் பொறுங்கள். பாசி தோண்டும்போது முள் குத்திய விரல் தட்டச்சு செய்ய விடமாட்டேன் என்கிறது, மீதி அப்புறம்.