இரட்டைச் சிலிண்டருக்கான தானியங்கி ரெகுலேட்டர்: இரண்டு ஆண்டு அனுபவம்

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லருடன் முகாமுக்குச் செல்லும் பலரைப் போல, எங்கள் டிரெய்லரின் முன்புறச் சட்டத்திலும் 20 பவுண்டு புரொப்பேன் எரிவாயு சிலிண்டர்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொள்ளும் ரெகுலேட்டரை அவற்றுக்கு நடுவே பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள மேதர் முகாமில் டிரெய்லர்களுக்கு மின் இணைப்பு கிடையாது. அக்டோபர் இரவுகள் சிலவற்றிலோ குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். டிரெய்லரின் உட்புறத்தைச் சூடாக்கும் எங்களுடைய ஃபர்னஸ் (மணிக்கு 30,000 பி.டி.யு. வெப்ப அலகுகள்) மூன்று மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு கேலன் புரொப்பேன் செலவாகும். நிறைந்த சிலிண்டரில் இருப்பதோ ஐந்து கேலனுக்கும் சற்றுக் குறைவு. சென்ற ஆண்டு அங்கே ஒரு சிலிண்டர் நள்ளிரவில் எப்போதோ தீர்ந்திருக்கிறது. ஃபர்னஸ் அணையவில்லை, பிள்ளைகளும் விழிக்கவில்லை. காலையில் வெளியே வந்து பார்த்தபோதுதான் ரெகுலேட்டரின் பச்சைக் கண், அதாவது சிலிண்டர் தீர்ந்ததை நிறத்தால் சொல்லும் காட்டி, சிவப்பாகியிருந்தது.

அந்தக் கண்ணை அன்றாடம் பார்ப்பவருக்கே இக்கருவி பயன்படும். வாங்கிய புதிதில் நாங்கள் பார்க்கத் தவறியதால் இரண்டு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்து, இருந்த போர்வைகளையெல்லாம் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டு விடியும்வரை விழித்திருந்தோம். சிவப்பைக் கண்டவுடன் ரெகுலேட்டரின் நெம்புகோலை நிறைந்த சிலிண்டரின் பக்கம் திருப்பி, காலியானதன் வால்வை மூடிவிட்டால், அடுப்பை அணைக்காமலேயே அதைக் கழற்றி நிரப்பக் கொண்டுபோகலாம். திரும்பப் பொருத்தியதும் இணைப்பில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதை நாங்கள் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

வால்வைச் சட்டென்று திறந்தால், குழாய் முனையிலுள்ள பாதுகாப்பு அமைப்பு கசிவு என்று கருதி வாயுவின் வரத்தைக் குறைத்துவிடும். அடுப்புச் சுடர் சோர்ந்து எரியும். ரெகுலேட்டர் பழுது என்று எண்ணி அதைக் கழற்றத் தொடங்காமல், வால்வை மூடிச் சற்றுப் பொறுத்து மெதுவாகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறை என்று பார்த்தால், சிலிண்டரில் எவ்வளவு மீதம் என்பதை இது காட்டாது. அதற்கு எடை போடுவதே நம்பகமான வழி: கழுத்து வளையத்தில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவது புரொப்பேன். அப்படி எடை போட்டுப் பார்த்துத்தான், கடை வாசலில் மாற்றித் தரும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டு அளவே இருப்பதை அறிந்து, நேரில் நிரப்பித் தரும் நிலையங்களுக்கு மாறினோம். காட்டி பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருப்பதும் தொல்லைதான். இரவில் டார்ச்சுடன் போய் மூடியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். ஆயினும், குளிர்காலத்தில் பிள்ளைகளோடு முகாமிடுபவர்களுக்கு இதை வாங்குமாறு தயங்காமல் சொல்வேன்.