பமேலாவா, தொக்காதோவா: ஸ்பானியக் கல்யாணத்துக்குத் தலையில் என்ன வைப்பது?

மாட்ரிட்டில் குடியேறிய பிறகு மூன்று கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். முதல் அழைப்பிதழ் வந்ததும் அலுவலகத் தோழி புடவையா கவுனா என்றுகூடக் கேட்கவில்லை. "தலைக்கு என்ன?" என்றுதான் கேட்டாள். மல்லிகைப்பூ என்று வாய்வரை வந்துவிட்டது. இந்த ஊரில் பகல் கல்யாணத்துக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இரண்டுதான்: பமேலா, அல்லது தொக்காதோ. முதல் தடவை பமேலா வாங்கினேன். அடுத்த இரண்டு தடவையும் தொக்காதோ. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

பமேலா என்பது அகன்ற விளிம்புள்ள தொப்பி. தொக்காதோவைத் தொப்பி என்றே சொல்ல முடியாது. இறகு, துணிப்பூ, வலை என்று எதையாவது உள்ளங்கை அளவு அடித்தட்டில் தைத்து, கொண்டையின் ஓரத்தில் சின்னச் சீப்பு ஒன்றால் குத்திக்கொள்வது. அதையே ஹேர்பேண்டில் தைத்தால் தியாதேமா. உயரமான சீப்பைச் செருகி அதன்மேல் லேஸைப் போர்த்தும் மந்தீயாவை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அது மத்ரீனாவுக்கு உரியது. மத்ரீனா பெரும்பாலும் மாப்பிள்ளையின் அம்மா; அவனோடு கைகோத்துத் தேவாலயத்துக்குள் வருகிறவர். விருந்தாளி அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றால் சம்பந்தியம்மாவோடு போட்டிக்கு நிற்பதுபோல் ஆகிவிடும்.

விதிகள் அதிகம் இல்லை. பமேலா பகலுக்கு மட்டும். பொழுது சாய்ந்தபின் நடக்கும் கல்யாணத்துக்குச் சின்னத் தொக்காதோ. வெள்ளை மணப்பெண்ணுக்கு.

பார்வைக்கு என்றால் பமேலாதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. புகைப்படத்தில் சாதாரண நீல கவுனைக்கூட அது தூக்கிக் காட்டுகிறது. மாட்ரிட்டைச் சுற்றியுள்ள காஸ்தீயப் பகுதியின் ஜூன் மாத வெயிலில் தேவாலய வாசலில் நிற்கும்போது நிழலும் தருகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மூலப்பொருள்தான், சினமாய். பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா நாரில் நெய்வது. அபாக்கா வாழை இனம். நம் ஊரில் பூத்தொடுக்க வாழைநார். இங்கே அந்த நாரே பூவாகித் தலையேறிவிட்டது.

ஆனால் கடையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி ஒன்று உண்டு. தலையில் இல்லாத நேரத்தில் அது எங்கே இருக்கும்?

நான் போன முதல் கல்யாணம் செகோவியா பக்கம் ஒரு கிராமத்தில். பூசை பன்னிரண்டரைக்கு. தேவாலயத்தில் என் பின்வரிசைக்காரர் கழுத்தை இடமும் வலமும் சாய்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் மணமக்கள்மேல் அரிசி வீசுவார்கள், நம் அட்சதை மாதிரியே, ஆனால் மஞ்சள் இல்லாமல். பாதி அரிசி என் விளிம்பில் தங்கியது. பிறகு அறிமுகங்கள். ஆளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். ஒவ்வொரு முத்தத்துக்கும் என் விளிம்பு எதிராளியின் நெற்றியில் இடித்தது. பத்தாவது ஆளுக்கு முன்பே தலையைப் பின்னால் சாய்க்கப் பழகிவிட்டேன். கழுத்து வலி மறுநாள்வரை இருந்தது.

அங்கிருந்து விருந்து நடக்கும் பண்ணை வீட்டுக்குப் பேருந்து. சீட்டில் சாய்ந்தால் விளிம்பு மடங்கும், மடியில் வைத்தால் பக்கத்து ஆளுக்கு இடமில்லை. சாப்பாடு மூன்று மணிக்கு மேல்தான் தொடங்கியது. விருந்து முடியும்வரை பமேலாவைக் கழற்றுவது அழகில்லை என்பார்கள். கழற்றலாம் என்றாலும் எங்கே வைப்பது? மேசை முழுக்க ஒயின் கோப்பைகள், நாற்காலி முதுகில் மாட்டினால் பரிமாறுகிறவர் தட்டிவிடுவார். நடனம் தொடங்கியபோது ஒருவழியாகக் கழற்றினேன். அடியில் முடி எண்ணெய் வைத்துப் படிய வாரினதுபோல் அமுங்கிக் கிடந்தது. இரவு ஒரு மணிவரை அப்படியேதான் ஆடினேன். தொக்காதோவில் இந்தக் கவலை எதுவும் இல்லை. அது சிகையலங்காரத்தோடு சேர்ந்தது. காலையில் குத்தினால் இரவு வீட்டுக்கு வந்துதான் எடுப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி தீரவில்லை. விளிம்பு தரையில் படும்படி வைத்தால் வளைந்துவிடும். தலை நுழையும் குடைப்பகுதிக்குள் காகிதம் திணித்து, விளிம்பு மேலே வரும்படி தலைகீழாக, ஐம்பது சென்டிமீட்டர் அகலப் பெட்டியில் வைக்க வேண்டும். சினமாய்க்கு விறைப்பு கொடுப்பது பசை. மழை பட்டால் தளர்ந்துவிடும். ஆவி காட்டி மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் பெரிய விளிம்பை அப்படிச் சீராக்குவது வீட்டில் நடக்கிற காரியமில்லை. வசந்த காலத்தில் மழை வராது என்று நம்ப வேண்டாம். 2004 மே 22 அன்று அப்போது ஸ்பெயின் இளவரசராக இருந்த ஃபிலிப்பே, லெதீசியா கல்யாணத்தன்று மாட்ரிட்டில் கொட்டியது ஊரே பார்த்த மழை.

விற்கவும் முடியவில்லை. 140 யூரோ கொடுத்து கவுனின் நிறத்துக்குப் பொருத்தமாகச் செய்வித்தது. அதே நீலம் வேண்டும் என்று இன்னொருத்தி எங்கிருந்து வருவாள்? செயலியில் 60 யூரோவுக்குப் போட்டுப் பார்த்தேன், ஒருவர் மட்டும் "பெட்டியை மட்டும் தருவீர்களா?" என்று கேட்டார். அதே நட்பு வட்டத்தில் மறுபடி போட்டுக்கொள்ளவும் முடியாது, எல்லோர் கைப்பேசியிலும் அது இருக்கிறது. இரண்டாவது கல்யாணத்துக்குத் தொக்காதோவை 30 யூரோவுக்கு வாடகைக்கு எடுத்தேன். மூன்றாவதற்கு மங்கிய தங்க நிறத்தில் ஒன்று 55 யூரோவுக்குச் சொந்தமாகவே வாங்கினேன். எந்த உடைக்கும் ஒத்துப்போகிறது, காலணிப் பெட்டியில் அடங்குகிறது. ஒரு முறை சென்னைக்குக்கூடக் கைப்பையில் வந்து திரும்பியது.

தொக்காதோவுக்கும் குறை உண்டு. நீளமான இறகு வைத்தது காற்றில் நிற்காது. அடர்த்தியில்லாத முடியில் சீப்பு வழுக்கும். பின்னல் போடுகிற நம்மவர்களுக்கு அது பிரச்சினையில்லை. ஒரே ஒரு பமேலாவை ஒரே ஒரு நாள் போட்டவள் சொல்வது இது என்பதையும் கணக்கில் வையுங்கள். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் அதே தொப்பியோடு எந்தச் சிரமமும் இல்லாமல் முத்தமிட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். முழுக்க முழுக்கத் தோட்டத்தில், நடுப்பகலில் நடக்கிற ஜூலைக் கல்யாணம் என்றால் நானே பமேலாவைத்தான் சொல்வேன். வாடகைக்கு மட்டும்.

என் பமேலா இப்போது வாசல் அலமாரிக்கு மேல் இருக்கிறது. பெட்டியில் இடம் மிச்சம் இருந்ததால் அதைச் சுற்றிக் குளிர்காலக் கையுறைகளையும் கழுத்துத் துணிகளையும் அடுக்கிவிட்டேன்.