ஐப்டேசியாவுக்கு ஊசியா, இறாலா, பெர்கியாவா?

லைவ் ராக்கில் (உயிரினங்கள் குடியேறிய கடல் பாறையில்) ஒட்டிக்கொண்டு வந்த ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி ஒன்றே ஒன்று, சில மாதங்களில் என் 150 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் நாற்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போன்ற பழுப்பு உடல், நீண்டு மெலிந்த கைகள், தொட்டதும் சட்டென்று பொந்துக்குள் சுருங்கும் வேகம். இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அநேகமாக அதுதான். பக்கத்தில் இருக்கும் பவளத்தை விடாமல் கொட்டும்.

முதலில் ஊசியைத்தான் எடுத்தேன். நீர்த்த சுண்ணாம்பைப் பசையாகக் குழைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் மெதுவாக விட வேண்டும். ஒரே நாளில் நிறைய விட்டால் தண்ணீரின் பி.எச். ஏறிவிடும். நாலைந்துதான் இருக்கிறது என்றால் இதுவே போதும்.

எனக்குப் போதவில்லை. ஐப்டேசியா தன் அடிப்பாதத்திலிருந்து விட்டுச்செல்லும் சின்னத் துணுக்குகூட முழு உயிராக வளர்ந்துவிடும். மேலே வெந்து போனது போலத் தெரிந்த இடத்தில், இரண்டு வாரம் கழித்து மூன்று குட்டிகள் நின்றன. பாறையின் பின்பக்கம் ஊசி எட்டவே எட்டாது. முன்பக்கத்தை நான் துடைத்து முடிப்பதற்குள் பின்பக்கம் நிரம்பியிருக்கும். ஆக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கேள்விதான்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதை யார் போய்த் தின்பது?

பெப்பர்மின்ட் இறாலை நான் வளர்த்ததில்லை, நண்பரின் தொட்டியில் பார்த்ததுதான். சின்னதைத் தின்றது, பெரியதைத் தொடவில்லை. மீன் தீனி தாராளமாகக் கிடைத்ததும் அதையும் விட்டுவிட்டது. வாங்கும்போது கவனம் தேவை. பார்க்க ஓரளவு அதைப் போலவே இருக்கும் கேமல் இறால் பவளத்தையே கொறிக்கும். ஐப்டேசியாவைத் தின்னும் காப்பர்பேண்ட் மீனுக்குப் பெரிய தொட்டி வேண்டும், பல நேரம் தீனியே எடுக்காது. என் தொட்டிக்கு அது சரிப்படாது.

கடைசியில் பெர்கியாவிடம் வந்தேன். ஓடில்லாத சின்னக் கடல் நத்தை அது. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது என்பதுதான் அதன் பலம். தீனியைக் காட்டித் திசைதிருப்ப முடியாது, பவளத்தைத் தொடாது. ராத்திரியில் இடுக்குக்குள் புகுந்து தேடும், பொடிக் குட்டிகளையும் விடாது. தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களை முதுகில் உள்ள நீட்சிகளில் சேமித்துத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

விளக்கை அணைத்த பிறகு, பிப்பெட்டால் எட்டுப் பெர்கியாக்களைப் பாறைப் பொந்தில் இறக்கினேன். ஒரு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை, மனசு கேட்கவில்லை. அப்புறம் வெள்ளைச் சுருளாக முட்டைகள் தென்பட்டன. மூன்றாம் மாத முடிவில் பாறையின் பின்பக்கமும் சுத்தம்.

இதில் தொல்லையும் உண்டு. சிக்ஸ்லைன் ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் பெர்கியாவைத் தின்றுவிடும், அதனால் சேர்த்து வைக்க முடியாது. பம்பு பெர்கியாவை உள்ளே இழுத்துவிடாமல் இருக்க அதன் வாயில் ஸ்பாஞ்சு கட்ட வேண்டும். ஐப்டேசியா தீர்ந்தால் இவை பட்டினியால் சாகும். எனக்கு அது பொறுக்கவில்லை, மிஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து, இதே தொல்லையில் இருந்த இன்னொருவருக்குக் கொடுத்தேன். 500 லிட்டர் தொட்டிக்கு எத்தனை விட வேண்டும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சிரிஞ்சை இன்னும் வைத்திருக்கிறேன், புதுப் பவளத்தோடு வரும் ஒன்றிரண்டுக்காக.